லினக்ஸ் போன் வாங்கலாமா? காசைப் போடுவதற்கு முன்னும் பின்னும்

லினக்ஸ் போன் என்று இங்கே நான் சொல்வது ஆண்ட்ராய்டை அல்ல. ஆண்ட்ராய்டுக்குள்ளும் லினக்ஸ் கெர்னல்தான் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஓடுகிறது, ஆனால் அது வேறு கதை. கம்ப்யூட்டரில் ஓடும் டெபியன், உபுண்டு, ஆல்பைன் மாதிரியான லினக்ஸையே கைப்பேசியில் போட்டு, அதிலேயே கால் பேசி, எஸ்எம்எஸ் அனுப்பி, பிரவுசர் திறப்பதைத்தான் சொல்கிறேன். இதைப் பற்றிய தகவல்கள் ஆங்கில விக்கிகளில் சிதறிக் கிடக்கின்றன. எழுதியவர்களில் பலர் ஐரோப்பாவில் இருப்பவர்கள். ஜியோ சிம்மும் யுபிஐயும் அவர்களுடைய கவலை இல்லை. நம் ஊரில் இருந்துகொண்டு இதை ஓட்டப் பார்த்ததில் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதியிருக்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டாவது போனாக என்றால் தாராளமாக வாங்குங்கள். ஒரே போனாக என்றால் இந்தியாவில் இப்போதைக்கு வேண்டாம்.

1. சிம்மில் இருந்து ஆரம்பியுங்கள் (செலவு எதுவும் இல்லை)

எல்லோரும் எந்தப் போன் என்ற கேள்வியில்தான் ஆரம்பிக்கிறார்கள். அதற்கு முன்னால் எந்த சிம் என்று பார்க்க வேண்டும்.

ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது. அதில் சாதாரண கால் என்பதே வோல்ட்டி (VoLTE) வழியாகத்தான். குரலும் டேட்டாவாகவே போகிறது. லினக்ஸ் போன்களின் பலவீனமான இடமும் இதே வோல்ட்டிதான். ஆண்ட்ராய்டில் அந்த வேலையைச் செய்வது சிப் கம்பெனியும் போன் கம்பெனியும் எழுதிய மூடிய மென்பொருள். போனில் வேறு இயங்குதளம் ஏற்றினால் அது கூட வருவதில்லை. சில மாடல்களில் தன்னார்வலர்கள் வோல்ட்டியை ஓரளவு ஓட வைத்திருக்கிறார்கள் என்றாலும், அதை நம்பிக் காசு போடாதீர்கள். ஜியோ சிம் போட்டால் இன்டர்நெட் ஓடும், கால் பேச முடியாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏர்டெலுக்கும் வி-க்கும் (வோடபோன் ஐடியா) 2ஜி இன்னும் இருக்கிறது. வோல்ட்டி இல்லாத போனுக்குக் கால் வந்தால் நெட்வொர்க் அதை 2ஜிக்கு இறக்கிக் கொடுக்கும். பேசும் நேரத்தில் நெட் நிற்கும், பேசி முடித்ததும் 4ஜி திரும்பிவிடும். அதோடு வாழ முடியும்.

உங்கள் இடத்தில் இது நடக்குமா என்று தெரிந்துகொள்ள லினக்ஸ் போனே தேவையில்லை. இப்போது கையில் இருக்கும் ஆண்ட்ராய்டில் சிம் செட்டிங்ஸுக்குப் போய் வோல்ட்டி காலிங்கை அணையுங்கள். வைஃபை காலிங்கையும் அணையுங்கள், இல்லாவிட்டால் அது வழியாகக் கால் போய் உங்களை ஏமாற்றிவிடும். அப்புறம் வேறொரு போனில் இருந்து உங்கள் எண்ணுக்குக் கூப்பிடச் சொல்லுங்கள். வீட்டுக்குள், ஆபீசில், தினமும் போகிற வழியில் என்று மூன்று இடத்திலாவது பாருங்கள். கால் வந்து, குரலும் தெளிவாக இருந்தால் அடுத்த படிக்குப் போகலாம். வரவில்லை என்றால் எவ்வளவு விலை கொடுத்து லினக்ஸ் போன் வாங்கினாலும் அங்கே நிலைமை மாறாது.

செட்டிங்ஸில் இருக்கும்போதே உங்கள் சிம்மின் ஏபிஎன் (மொபைல் டேட்டா இணைப்புக்கான முகவரி) விவரத்தையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

2. ஒரு வாரம் உங்கள் போனைக் கவனியுங்கள்

தினமும் போனில் என்னென்ன செய்கிறீர்கள் என்று ஒரு வாரம் குறித்து வாருங்கள். பிரவுசரில் முடிகிற வேலைகள் எல்லாம் பிரச்சினை இல்லாதவை. ரயில் டிக்கெட், மின் கட்டணம், டிஜிலாக்கர், மெயில் எல்லாம் ஃபயர்ஃபாக்ஸிலேயே முடியும். ஓடிபி எஸ்எம்எஸ்ஸாகத்தான் வருகிறது, அதற்கு சிம் இருந்தால் போதும்.

இடிக்கிற இடம் யுபிஐ. யுபிஐ ஆப் முதல் தடவை பதிவு செய்யும்போது உங்கள் சிம்மில் இருந்து தானே ஒரு எஸ்எம்எஸ் அனுப்பி, எண்ணையும் போனையும் சேர்த்துப் பிணைக்கிறது. லினக்ஸ் போனுக்கு யுபிஐ ஆப் கிடையாது. "வேட்ராய்டு இருக்கிறதே, அதில் ஆண்ட்ராய்டு ஆப் எல்லாம் ஓடுமே" என்று யாராவது சொல்வார்கள். ஓடும்தான். வேட்ராய்டு என்பது லினக்ஸுக்குள் ஒரு தனி அறை கட்டி அதில் ஆண்ட்ராய்டை ஓட்டுவது. செய்தித்தாள் ஆப், பஸ் நேரம் பார்க்கும் ஆப் மாதிரி சாதாரணமானவை அதில் நடக்கும். ஆனால் சிம்மும் எஸ்எம்எஸ்ஸும் அந்த அறைக்குள் வராது. கூகுளின் பாதுகாப்புச் சோதனையும் தேறாது. பேங்க் ஆப்களும் யுபிஐ ஆப்களும் வாசலிலேயே நின்றுவிடும். இதில் மாற்று வழி தேடி ராத்திரியை வீணாக்காதீர்கள்.

வாட்ஸ்அப்பை பிரவுசரில் வெப் பதிப்பாகத் திறக்கலாம், சின்னத் திரையில் கொஞ்சம் நெருக்கடியாக இருக்கும். ஆனால் அதற்கு முதன்மைப் போன் ஒன்று ஆண்ட்ராய்டாகவோ ஐபோனாகவோ இருந்தே ஆக வேண்டும். அந்தப் போனில் 14 நாள் வாட்ஸ்அப்பைத் திறக்காமல் விட்டால் இணைத்த கருவிகள் எல்லாம் வெளியேற்றப்படும். டெலிகிராமுக்கு இந்தத் தொல்லை இல்லை, லினக்ஸுக்கான டெஸ்க்டாப் செயலியே நன்றாக ஓடும்.

குறித்து வைத்ததில் யுபிஐ, பேங்க், வாட்ஸ்அப் மூன்றும் இருந்தால் (யாருக்குத்தான் இல்லை?) பழைய ஆண்ட்ராய்டு போன் வீட்டில் இருக்கட்டும். அதை விற்றுவிட்டு இந்தச் செலவைச் சரிக்கட்டலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

3. எந்தப் போன்?

இரண்டு பாதை இருக்கிறது. லினக்ஸுக்கென்றே செய்த போனை வெளிநாட்டில் இருந்து வரவழைப்பது ஒன்று. இங்கேயே கிடைக்கும் பழைய ஆண்ட்ராய்டு போனை வாங்கி லினக்ஸ் ஏற்றுவது மற்றொன்று.

முதல் பாதையில் பெயர் பெற்றது பைன்64 நிறுவனத்தின் பைன்போன். 2ஜிபி ரேம் மாடல் 149 டாலர், 3ஜிபி மாடல் 199 டாலர் என்று வந்தது. பின்மூடியை நகத்தாலேயே கழற்றலாம், பேட்டரியை மாற்றலாம். மூடிக்கு அடியில் மோடம், வைஃபை, மைக், கேமராக்களைத் தனித்தனியாகத் துண்டிக்கும் குட்டிக் குட்டிச் சுவிட்சுகள் இருக்கின்றன. மெமரி கார்டில் ஒரு லினக்ஸை எழுதிச் செருகினால் அதில் இருந்தே பூட் ஆகும். பிடிக்கவில்லையா, கார்டை மாற்றி வேறொன்றைப் பார்க்கலாம். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல போன் கிடையாது. ஆனால் உள்ளே இருப்பது ஆல்வின்னர் ஏ64 என்ற பழைய, மெதுவான சிப். ஒரு வலைப்பக்கம் திறப்பதற்குள் பொறுமை போய்விடும். தூங்கும் போன் கால் வந்து விழிப்பதற்குள் முதல் ஒன்றிரண்டு ரிங் போய்விடுவதும் இதில் எல்லோரும் சொல்லும் குறை. வேகமான பைன்போன் ப்ரோவை 2025இல் நிறுத்திவிட்டார்கள். ப்யூரிசம் நிறுவனத்தின் லிப்ரம் 5 நல்ல நோக்கத்தோடு செய்த போன், ஆனால் 2017 முன்பதிவிலேயே 599 டாலர், பிறகு அதற்கு மேலும் ஏறியது. அந்த விலைக்கு அதை யாருக்கும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இறக்குமதி செய்வதென்றால் இணையதளத்தில் போட்டிருக்கும் விலையோடு கணக்கு முடியாது. கூரியர் கட்டணம், சுங்க வரி, ஜிஎஸ்டி, கூரியர் கம்பெனி தன் பங்குக்குப் போடும் கையாளும் கட்டணம் எல்லாம் சேரும். சுங்கத்தில் கேஒய்சி கேட்பார்கள்; ஆதார் அல்லது பாஸ்போர்ட், பான் கார்டு, ஆர்டர் ரசீது, பணம் கட்டியதற்கான ஆதாரம் இவற்றின் பிடிஎஃப் நகல்களை முன்பே தயாராக வையுங்கள். ஆர்டரில் கொடுக்கும் பெயரும் முகவரியும் அடையாள அட்டையில் இருப்பதோடு பொருந்தட்டும். பேட்டரி உள்ள பொருள் என்பதால் தாமதமும் சகஜம், வாரக்கணக்கில் காத்திருக்க மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். பழுதானால் திருப்பி அனுப்பும் செலவும் உங்கள் தலையில்தான்.

அதனால் நான் சொல்வது இரண்டாவது பாதை. போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் என்ற திட்டம் 2017இல் தொடங்கியது. ஆல்பைன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. கம்பெனிகள் கைகழுவிய போன்களுக்கு உயிர் கொடுப்பதுதான் அதன் வேலை. அதில் நன்றாக ஓடும் போன்களில் நம் ஊரில் எளிதாகக் கிடைப்பவை ஒன்பிளஸ் 6, 6டி, போகோ எஃப்1. மூன்றுமே 2018இல் வந்தவை, மூன்றிலும் ஸ்னாப்டிராகன் 845. பைன்போனோடு ஒப்பிட்டால் வேகத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இவற்றில் என் ஓட்டு ஒன்பிளஸ் 6க்கு. பூட்லோடரை, அதாவது வேறு இயங்குதளம் ஏற்ற விடாமல் தடுக்கும் பூட்டு மென்பொருளைத் திறக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், ஹெட்போன் துளையும் இருக்கிறது. 6டியில் பேட்டரி பெரிது, ஆனால் ஹெட்போன் துளை கிடையாது. போகோ எஃப்1இல் ஒரு சிக்கல். அதன் திரை டியான்மா, ஈபிபிஜி என்று இரண்டு கம்பெனிகளில் இருந்து வந்தது. இரண்டுக்கும் தனித்தனி இமேஜ் (போனில் ஏற்றும் இயங்குதளக் கோப்பு). மாற்றி ஏற்றினால் திரை ஒழுங்காக வராது, போன் செத்துவிட்டது என்று நினைத்துவிடுவீர்கள். திரை எங்காவது மாற்றப்பட்ட போன் என்றால் உள்ளே எது இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது.

வீட்டு மானிட்டரில் செருகி கம்ப்யூட்டர் மாதிரி பயன்படுத்தலாம் என்பதற்காகவே லினக்ஸ் போன் கேட்பவர்கள் உண்டு. ஒன்பிளஸ் 6இல் அது நடக்காது. அதன் டைப்-சி துளை யூஎஸ்பி 2.0 தான், படம் வெளியே போகாது. அந்த வசதி பைன்போனில் இருக்கிறது.

4. பழைய போனை வாங்கும்போது

நான் விசாரித்தபோது ஒன்பிளஸ் 6 நிலைமையைப் பொறுத்து ஆறாயிரத்தில் இருந்து பத்தாயிரத்துக்குள் சொன்னார்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடத்தில் நேரில் பார்த்து வாங்கினால் கையிலேயே சோதிக்கலாம். 2018 போன் என்பதால் பேட்டரி களைத்திருக்கும். மாற்றும் செலவையும் சேர்த்துப் பேரம் பேசுங்கள்.

கடையிலேயே செய்ய வேண்டியவை: *#06# அடித்து வரும் ஐஎம்இஐ எண்ணும் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) பெட்டியில், ரசீதில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பிறகு அந்த எண்ணைத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபாருங்கள். எஸ்எம்எஸ்ஸிலும் முடியும்: கேஒய்எம் என்ற மூன்று எழுத்தை ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு 15 இலக்க எண்ணைச் சேர்த்து 14422க்கு அனுப்பினால் பதில் வரும். திருட்டுப் போன் என்று கறுப்புப் பட்டியலில் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். விற்பவரிடம் கையெழுத்துப் போட்ட ரசீது வாங்குங்கள், அதில் ஐஎம்இஐ இருக்கட்டும். பழைய ரசீது இல்லாவிட்டால் அவருடைய அடையாள அட்டை நகலையும் கேளுங்கள். தரத் தயங்கினால் அடுத்த கடை.

அப்புறம் செட்டிங்ஸில் மறைந்திருக்கும் டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்து "ஓஇஎம் அன்லாக்கிங்" என்ற சுவிட்ச் நகர்கிறதா என்று பாருங்கள். சாம்பல் நிறத்தில் உறைந்திருந்தால் வாங்காதீர்கள். அமெரிக்காவில் டி-மொபைல் விற்ற 6டி போன்கள் சில இங்கே சுற்றுகின்றன. அவற்றில் பூட்லோடரைத் திறக்கத் தனி டோக்கன் வேண்டும். விலை குறைவாகச் சொன்னாலே இதைச் சந்தேகப்படுங்கள். "அதெல்லாம் ஓப்பன் ஆயிடும் சார்" என்று ஒரு கடையில் அடித்துச் சொன்னார்கள். சுவிட்ச் நகரவில்லை.

5. ஆண்ட்ராய்டு இருக்கும்போதே சோதனையும் பேக்கப்பும்

வாங்கிய அன்றே லினக்ஸ் ஏற்ற அவசரப்படாதீர்கள். இரண்டு மூன்று நாள் ஆண்ட்ராய்டிலேயே வைத்து மைக், ஸ்பீக்கர், ஜிபிஎஸ், ப்ளூடூத், சிம் எல்லாம் சரியா என்று பாருங்கள். பின்னால் மைக் வேலை செய்யவில்லை என்றால் கோளாறு போனிலா, லினக்ஸிலா என்று அப்போதுதான் சொல்ல முடியும்.

பூட்லோடரைத் திறந்தால் போனில் இருப்பது அத்தனையும் அழியும். ஒன்பிளஸில் சுவிட்சைத் தள்ளி, ஃபாஸ்ட்பூட் என்ற, கம்ப்யூட்டரில் இருந்து கட்டளை ஏற்கும் நிலைக்குப் போய், ஒரே கட்டளையில் திறந்துவிடலாம். ஐந்து நிமிட வேலை. போகோவில் ஷாவ்மியின் மி கணக்கோடு போனைப் பிணைத்து, அதற்கான விண்டோஸ் மென்பொருளில் முயன்று, அது சொல்லும் வரை காத்திருக்க வேண்டும். வழக்கமாக 168 மணி நேரம், அதாவது ஒரு வாரம். இடையில் பொறுமை இழந்து மறுபடி பிணைத்தால் கடிகாரம் முதலில் இருந்து ஓட ஆரம்பிக்கும்.

திறந்த பிறகு, ரெக்கவரி (போனைப் பழுது பார்க்கும் தனித் திரை) வழியாக மோடம் சம்பந்தப்பட்ட சிறு பகிர்வுகளையும் (சேமிப்பகத்தின் தனித்தனிப் பகுதிகள்) பெர்சிஸ்ட் பகிர்வையும் நகல் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். ஐஎம்இஐ, சென்சார் அளவீடு போன்றவை அங்கேதான் இருக்கின்றன. ஏடாகூடமாக ஏதாவது அழிந்தால் அந்த நகல் இல்லாமல் நெட்வொர்க் திரும்பாது. போன ஐஎம்இஐயைக் கையால் எழுதிச் சேர்க்கும் வித்தையை யாராவது சொல்லிக் கொடுத்தால் கேட்காதீர்கள். ஐஎம்இஐயில் கை வைப்பது இந்தியாவில் குற்றம்.

6. ஏற்றுவது (ஒரு மாலை போதும்)

தேவையானவை ஒரு கம்ப்யூட்டர், பாதிக்கு மேல் சார்ஜ் உள்ள போன், டேட்டா போகும் கேபிள். கடைசியாகச் சொன்னதில்தான் பலர் மாட்டுவார்கள்; சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்களைப் பார்த்து அடையாளம் காண முடியாது. சில கம்ப்யூட்டர்களில் ஃபாஸ்ட்பூட் போனைக் கண்டுபிடிக்காது அல்லது பாதியில் தொங்கும். நடுவில் ஒரு சாதாரண யூஎஸ்பி ஹப்பைச் செருகிப் பாருங்கள், பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் தளத்தில் உங்கள் மாடலுக்கான இமேஜை இறக்குங்கள். எந்த முகப்பு (திரையின் தோற்றமும் மெனுக்களும்) என்று கேட்கும். முதல் தடவைக்கு ஃபோஷ் எடுங்கள். பிளாஸ்மா மொபைல் அழகாக இருக்கிறது, ஆனால் ஃபோஷ்தான் என் அனுபவத்தில் குறைவாக மக்கர் செய்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் நிலையான வெளியீட்டையே எடுங்கள். எட்ஜ் என்று இருப்பது சோதனையாளர்களுக்கானது.

இறக்கிய கோப்பைத் திறந்தால் இரண்டு இமேஜ் இருக்கும். ஒன்று பூட் பகிர்வுக்கு, மற்றொன்று பெரிய தரவுப் பகிர்வுக்கு. ஒன்பிளஸில் அவற்றை எழுதும் முன் டிடிபிஓ என்ற பகிர்வை அழிக்க வேண்டும். விக்கியில் ஒற்றை வரியாக இருக்கும், கண்ணில் படாமல் போகும். அதை விட்டால் லோகோவுக்குப் பிறகு கறுப்புத் திரைதான்.

முதல் தடவை பூட் ஆகும்போது கொஞ்சம் நேரம் எடுக்கும். திரை பூட்டுக்கான கடவு எண் 147147. உள்ளே போனதும் முதல் வேலையாக அதை மாற்றுங்கள், ஏனென்றால் தயார் இமேஜ் எல்லாவற்றுக்கும் அதே எண்தான், ஊருக்கே தெரியும். தயார் இமேஜில் சேமிப்பகம் பூட்டப்பட்டிருக்காது. போன் தொலைந்தாலும் தகவல் போகக் கூடாது என்றால், அவர்களுடைய பிஎம்பூட்ஸ்ட்ராப் கருவியால் மறையாக்கம் போட்ட இமேஜை நீங்களே உருவாக்க வேண்டும். முதலில் தயார் இமேஜில் விளையாடிவிட்டு, பிடித்திருந்தால் அப்படிச் செய்யுங்கள்.

7. முதல் வாரம்

சிம் ஒன்றை மட்டும் முதல் இடத்தில் போடுங்கள். டேட்டா தானாக வராவிட்டால் எழுதி வைத்த ஏபிஎன்னைக் கையால் கொடுங்கள். இரண்டு பக்கமும் பேசிப் பாருங்கள்; ஒரு பக்கம் மட்டும் குரல் கேட்பது அடிக்கடி வரும் கோளாறு, பல நேரம் ரீஸ்டார்ட் செய்தால் போகும். அவசர உதவி எண்ணான 112க்கு இந்தப் போனை நம்ப வேண்டாம். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இதையே ஒரே போனாக வைக்காதீர்கள்.

அலாரத்தையும் நம்பாதீர்கள். போன் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போய்விட்டால் கடிகாரச் செயலி அதை எழுப்புவதில்லை. காலை ஐந்து மணி ரயிலுக்கு வேறு ஏற்பாடு வைத்துக்கொள்ளுங்கள். கேமராவை இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள், விரல்ரேகையும் கிடையாது. பேட்டரி, ஆண்ட்ராய்டில் நின்ற அளவுக்கு நிற்காது.

தமிழ் படிக்க நோட்டோ தமிழ் எழுத்துருவை நிறுவினால் போதும், அழகாகத் தெரியும். தட்டச்சு செய்வதுதான் சிரமம். ஃபோஷோடு வந்த ஸ்க்வீக்போர்டு விசைப்பலகையின் அமைப்புகள் யாமல் என்ற எளிய உரைக் கோப்புகளாக இருக்கும். உங்கள் ஹோம் அடைவில் அதற்கான இடத்தில் சொந்தக் கோப்பை வைத்தால் எடுத்துக்கொள்ளும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் தமிழ்99 வரிசையை எழுதிவிடலாம். அதற்குப் பொறுமை இல்லையென்றால் ப்ளூடூத் கீபோர்டு.

இத்தனை குறைகளைச் சொல்லிவிட்டு ஏன் வாங்கச் சொல்கிறேன்? கேபிளைச் செருகி, கம்ப்யூட்டரில் இருந்து 172.16.42.1 என்ற முகவரிக்கு எஸ்எஸ்ஹெச் (வேறொரு கணினியில் இருந்து கட்டளை கொடுக்கும் வழி) போட்டால் போன் ஒரு லினக்ஸ் கணினியாகத் திறந்துகொள்கிறது (எஸ்எஸ்ஹெச் சேவையை இயக்கி வைத்திருக்க வேண்டும்). பைத்தான், கிட், ஆர்சிங்க் மாதிரி கருவிகள் எல்லாம் ஒரு கட்டளையில் வந்து சேர்கின்றன. ஃபயர்ஃபாக்ஸில் விளம்பரத் தடுப்பு முழுதாக வேலை செய்கிறது. கூகுள் கணக்கு கேட்கவே கேட்காது. 2018 போனுக்கு இந்த மாதத்துப் பாதுகாப்பு அப்டேட் வருகிறது; அதைச் செய்த கம்பெனி கைவிட்டுப் பல வருடம் ஆகிறது. பிரோகிராம் எழுதுகிறவர்கள், மாணவர்கள், நெட்வொர்க் வேலை பார்ப்பவர்களுக்கு பாக்கெட்டில் ஒரு லினக்ஸ் இருப்பது உண்மையிலேயே உதவும். வேறு யாருக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கேமராவும் காலும் இன்னும் ஒழுங்காக வேண்டும் என்பவர்கள் அதே ஒன்பிளஸ் 6இல் உபுண்டு டச் போட்டுப் பார்க்கலாம். 2017இல் கனோனிகல் கைவிட்ட பிறகு யூபிபோர்ட்ஸ் என்ற குழு நடத்துகிறது. ஆண்ட்ராய்டின் டிரைவர்களையே அடியில் வைத்துக்கொள்வதால் வன்பொருள் நன்றாக ஒத்துழைக்கும். பதிலுக்கு அதே பழைய கெர்னலில் மாட்டிக்கொண்டிருப்பீர்கள். வோல்ட்டி அதிலும் சில மாடல்களில் மட்டும்தான். தளத்தில் உங்கள் மாடலின் பக்கத்தைப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

8. வேண்டாம் என்று முடிவானால்

ஒன்பிளஸ் போனைப் பழைய நிலைக்குக் கொண்டுவர எம்எஸ்எம் டவுன்லோடு டூல் என்ற விண்டோஸ் கருவி உண்டு. உங்கள் மாடலுக்கு உரியதுதானா என்று இரண்டு தடவை பாருங்கள். 6க்கு வேறு, 6டிக்கு வேறு. அது எல்லாவற்றையும் அழித்து ஆக்ஸிஜன் ஓஎஸ்ஸை எழுதும். அரை மணி நேரம் போதும்.

பூட்லோடரை மறுபடி பூட்டுவது அதற்குப் பிறகுதான். லினக்ஸ் உள்ளே இருக்கும்போதே பூட்டினால் போன் எழுந்திருக்காது. விற்பதாக இருந்தால் *#06# அடித்து ஐஎம்இஐ அப்படியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நீங்கள் வாங்கியபோது எடுத்த ரசீதின் நகலையும் சேர்த்துக் கொடுங்கள். அசலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.